கௌரி அக்கா கழற்றி வைத்த காத்தாடி

மதிய உணவு நேரத்தில்தான் எங்கள் தொழிற்சாலையில் கைப்பேசியைத் தொடலாம். செரண்டாவில் உள்ள அந்த இடத்தில் நான் அட்டைப்பெட்டி மடிக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். அன்றைக்கு அலமாரியைத் திறந்து கைப்பேசியை எடுத்தபோது, என் கணவர் திரும்பத் திரும்ப அழைத்திருந்தது தெரிந்தது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலே மூச்சு வாங்குகிற மனிதர் அப்படி அழைக்கக்கூடியவர் அல்லர். வீட்டில் அவருடைய ஆக்சிஜன் மிஷின் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். உடனே திருப்பி அழைத்தேன்.

“நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றார். பிறகு மூச்சை இழுக்கும் சத்தம். “அக்கா… கௌரி அக்கா விழுந்துட்டாங்க மல்லிகா. சுப்ரா வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்கான். நீ வந்துரு.”

அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டதும் என் உடம்பு லேசாகிவிட்டது. அடுத்த வாக்கியம் வந்து சேர்வதற்குள் மனசுக்குள் மாரியம்மனுக்கு நன்றி சொல்லிவிட்டேன். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவை முகம்வரை மூடியிருந்தார்கள்.

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பெஸ்தாரி ஜெயாவிலும் ரவாங்கிலும் கலும்பாங்கிலும் சிதறிப்போயிருக்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்குச் சேதி தாமதமாகத்தான் கிடைத்தது. “எப்படி? நல்லாத்தானே இருந்தாங்க?” என்று இன்னமும் அழைத்துக் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரே தடவையாக, நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கௌரியம்மாளை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இதை உங்கள் பிள்ளைகளும் படிக்கக்கூடும். தோட்டத்தில் செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கியவர். பிறகு பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை. கணவர் இறந்து வெகுகாலமாயிற்று. ஒரே மகள் வனிதா, சுங்கை பஞ்சாங்கில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அக்காவின் குரல் லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியில் கிளம்பினால் அந்தக் கோடியில் நாய் எழுந்து உட்காரும். நிலம் கைமாறிய புதிதில், வீடுகட்டும் நிறுவனத்தின் லோரி ஒன்று நம் வாசலிலேயே மண்ணைக் கொட்ட வந்ததை நினைத்துப் பாருங்கள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்ததாக ஆண்கள் எல்லாரும் பிற்பாடு சொன்னார்கள். அக்கா குடையை விரித்துக்கொண்டு லோரிக்கு முன்னால் போய் நின்றார். “ரிவர்ஸ் போடுலா தம்பி. இங்க புள்ளைங்க நடக்குற எடம்” என்றார். அந்த ஓட்டுநர் தமிழ்ப் பையன்கூட இல்லை. ஆனாலும் லோரி பின்னால் போயிற்று.

அந்த நிறுவனம் நமக்கெல்லாம் வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வீடு கைக்கு வருவதற்குமுன் லயத்தை விட்டு வெளியேறினால் பேச்சு செல்லாது என்ற பயத்தில், ஒன்பது குடும்பங்கள் இன்னும் இங்கேயே இருக்கிறோம். மின்சாரம் பழைய தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருந்தது. நிர்வாகம் போனதும் அதுவும் போய்விட்டது. ஒரு தொண்டு அமைப்பைச் சேர்ந்தவர்கள் இரக்கப்பட்டுக் கோயில் மண்டபத்துக் கூரையில் சோலார் பலகைகளைப் பொருத்தி, சாமான் அறையில் பேட்டரிகளை வைத்து, ஒன்பது வீட்டுக்கும் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். குளிர்பெட்டிகளை அன்றைக்கே நிறுத்திவிட்டோம். சமையல் கேஸில். விளக்கும், விட்டத்தில் சுற்றுகிற காத்தாடியும்தான் மிஞ்சின. தகரக் கூரைக்குக் கீழே காத்தாடி இல்லாமல் உட்கார முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில்தான் என் கணவர் செல்வத்தின் நுரையீரல் கெட்டுப்போனது. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர், கட்டிலை விட்டுக் குளியலறைக்குப் போய்வருவதே பெரும்பாடு என்றானார். மருத்துவமனையில் ஆக்சிஜன் மிஷின் ஒன்றைக் கொடுத்து, பகலும் இரவும் மூக்கில் குழாய் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மிஷின் நின்றால் அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், நம் பேச்சில் தோங். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். ரவாங்கில் என் தம்பி வீட்டில் போய் இருக்கலாம் என்றால், அது மின்தூக்கி இல்லாத நாலாம் மாடி. அவரைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். இறங்க வேண்டியிருந்தால் என்ன செய்வது?

மிஷின் வந்த பிறகு பெய்த முதல் பெருமழையில் அது நடந்தது. பகலெல்லாம் வானம் கறுத்தே கிடந்தது. பொழுது சாய்ந்து, எல்லார் வீட்டிலும் சாப்பாட்டு நேரம். ஒன்பது வீட்டிலும் எல்லாக் காத்தாடிகளும் ஓடிக்கொண்டிருந்தன. கோயில் பக்கம் பேட்டரிப் பெட்டி கத்துகிற சத்தம் கேட்டது. அடுத்த கணம் லயம் முழுக்க இருட்டு. எங்கள் மிஷின் ஒருமுறை விம்மி நின்றது. கைவிளக்கு வெளிச்சத்தில் அவர் உதடு நீலம் பாய்வதைப் பார்த்தேன். தோங்கின் மூடியைத் திருப்புகிறேன், திரும்பவில்லை. வழுக்குகிறது. கத்தினேன். அக்கா பின்வாசல் வழியாக ஓடிவந்தார், கையில் இன்னும் சோறு ஒட்டியிருந்தது. முந்தானையைச் சுற்றி ஒரே திருகு. காற்று சீறிக்கொண்டு வந்தது. அவர் முகத்தில் உயிர் திரும்பும்வரை அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். “இழு தம்பி, இழு, அவசரமில்ல, இழு” என்று, பிரசவம் பார்ப்பதுபோல்.

மறுநாளே அக்கா சோலார் பொருத்திய பையனை வரவழைத்தார். அவன் பேட்டரிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றுமில்லை, இழுப்பதுதான் அதிகம் என்றான். மிஷினுக்கென்று தனிப் பேட்டரி கேட்டோம். மேலே சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னான். அது இன்னும் வரவில்லை. “ஆன்ட்டி, இந்தப் பழைய காத்தாடி நாலு ஓடுற கரண்டுதான் அந்த மிஷினுக்கு. நாலு ஆஃப் பண்ணா ஒரு மிஷின் சேஃப்” என்றான்.

“மெதுவா வச்சா?” என்று கேட்டார் அக்கா.

“இது பழைய ரெகுலேட்டர். மெதுவாச் சுத்தும், ஆனா மிச்சம் கொஞ்சந்தான். பாதிய அந்தப் பெட்டியே சூடாகித் தின்னுடும். ஆள் இல்லாத எடத்துல நிப்பாட்டுறதுதான் மிச்சம்.”

அக்கா வேறு எதையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து வீடு வீடாக நடக்கத் தொடங்கினார். பொழுது இறங்கும் நேரத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். “அந்த ரூம்ல யாரு இருக்கா? யாரும் இல்லன்னா எதுக்குச் சுத்துது?” வீட்டுக்கு ஒன்று என்று வைத்தார். எல்லாரும் ஒரே அறையில் பாய்போட்டுப் படுக்கச் சொன்னார். இறக்கைகளில் விரல் கனத்துக்கு ஒட்டியிருந்த தூசியைத் துடைக்க வைத்தார். துடைத்த பிறகு அதே வேகத்தில் காற்று கூடுதலாக வருவதைக் குழந்தைகளே வியந்து சொன்னார்கள். கட்டிலைக் காத்தாடிக்கு நேர்கீழே இழுத்துப் போட்டார். மேற்குப் பார்த்த சன்னல்களில் ஈரக் கைலியைத் தொங்கவிடச் சொன்னார். சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் அவர் தலையைக் கண்டதும் அணைத்துவிட்டு, திரும்பியதும் போட்டுக்கொண்டார்கள். அக்கா பாதி வழியிலிருந்து திரும்பி வருவார்.

எதிர்த்துப் பேசியவர் சுப்ரா அண்ணன்தான். அதை அவரே என்னை எழுதச் சொன்னார், மறைக்க வேண்டாம் என்று. கோயில் தலைவர், வேன் வைத்திருப்பவர், கூட்டுக் குடும்பம். ஒரு நாள் வாசலில் நின்று அவர் கத்தியது எல்லா வீட்டுக்கும் கேட்டது.

“எங்கூட்டுக் காத்தாடிய நிப்பாட்டச் சொல்ல நீங்க யாரு? எம் பேரன் விடிய விடிய அழுவுறான். ஒடம்பு பூரா வேர்க்குரு. ஒங்களுக்கென்னா, தனியாளு. பேசிட்டுப் போயிருவீங்க.”

அக்கா பதில் பேசாமல் திரும்பி நடந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். சமையலறையில் நின்றுகொண்டு நான் என் காதைப் பொத்திக்கொண்டேன். சுப்ரா அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் குழந்தையின் அழுகை எங்களுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில் அக்கா போய் சுப்ரா அண்ணனையே கூப்பிட்டார். “சுப்ரா, ஏணிய எடுத்துக்கிட்டு வா.” ரிப்பேர் என்று நினைத்து அவரும் வந்தார். “கழட்டு” என்றார் அக்கா. அக்கா வீட்டிலிருந்த ஒரே காத்தாடி அது. அவர் தயங்கினார். “கழட்டுடா, நாந்தான சொல்றேன்.” கழற்றிக் கீழே வைத்ததும் அக்கா அதைத் துடைத்து, பழைய கைலியில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். “இனி எங்கூட்டுல இல்ல. எம் பங்கு ஒம் பேரனுக்கு. அவன் படுக்குற எடத்துல நல்லா ஓடட்டும். கூடத்துல சும்மா சுத்துறத மட்டும் நிப்பாட்டு. இனிமே நான் வந்து கேக்கலாமில்ல?” சுப்ரா அண்ணன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்று மாலை அவர் வீட்டுக் கூடத்தில் காத்தாடி நின்றிருந்தது.

அந்த வருடத் திருவிழாக் கூட்டத்திலும் அக்கா எழுந்து பேசினார். விளக்கு அலங்காரத்துக்கு வைத்திருந்த பணத்தில் புதுவகைக் காத்தாடிகள் வாங்கலாம், அவை பாதிக்கும் குறைவான கரண்டில் ஓடுமாம் என்றார். அம்மனுக்கு விளக்குப் போடாமல் காத்தாடி வாங்குவதா என்று ஒருவர் கேட்டார். “அம்மா வெளிச்சத்துலதான் நம்மளப் பாக்கணுமா? இருட்டுல தெரியாதா அவளுக்கு?” என்றார் அக்கா. கூட்டம் சிரித்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லா வீட்டுக்கும் வாங்கப் பணம் போதவில்லை. வந்தவற்றில் முதலாவதை அக்காவே சுமந்துகொண்டு சுப்ரா அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மற்றவை குழந்தைகளும் முதியவர்களும் இருந்த வீடுகளுக்குப் போயின. “ஒங்களுக்கு?” என்று சுப்ரா அண்ணன் கேட்டதற்கு, “அடுத்த வருசம் பாப்போம்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பெய்த மழைகளில் பேட்டரிப் பெட்டி கத்தியது. ஆனால் மிஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. புகைமூட்டம் வேறு. மதியம் குழம்பு கொண்டுபோனேன். அக்கா தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் படுத்திருந்தார். கண் சிவந்திருந்தது. ரத்த அழுத்தத்துக்கு கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர். நான் பயந்துபோனேன்.

“அக்கா, காத்தாடிய மாட்டுங்க. ஒண்ணே ஒண்ணு ஓடினா எங்க மிஷினு நிக்காது. நான் சொல்றேன்ல?”

“ஒண்ணே ஒண்ணுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க மல்லிகா. நான் மாட்டுனா நாளைக்கு எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போயி நிப்பேன்?”

“ஒங்க ஒடம்பு?”

“நமக்குக் காத்து கெடச்சா சொகம். அந்தத் தம்பிக்குக் கெடச்சாத்தான் உசுரு. எனக்கென்னா, சிமெண்டுத் தரை சில்லுன்னு இருக்கு. தொட்டுப் பாரேன்.”

தொட்டுப் பார்த்தேன். தரை சுட்டது. அவர் சிரித்துக்கொண்டே குழம்பு வாசனையைப் பிடித்து, “புளி கூடிப்போச்சு” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குமேல் வற்புறுத்த என்னால் முடியவில்லை. அவர் சரி என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் எனக்குள் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் என் கணவரைப் பார்த்துக்கொண்டவர் அக்காதான். பத்து மணிக்கு ஒரு குவளை மைலோ, மதியம் சோறு, நடுநடுவே சன்னலில் தலை நீட்டி ஓர் அதட்டல். அன்றைக்கும் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, துணி காயவைக்கப் பின்னால் போயிருக்கிறார். அலுமினிய வாளி உருளும் சத்தம் கேட்டது என்கிறார் என் கணவர். “அக்கா” என்று அழைத்திருக்கிறார். அவருடைய குரல் சன்னலைத் தாண்டாது. பதில் வராததும் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டு எழுந்து நடந்திருக்கிறார். சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, துணிக்கொடியைப் பிடித்து. அக்கா ஈரத்துணிகளுக்கு மேலே சரிந்து கிடந்தார். ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது. கத்தி உதவிக்கு ஆள் கூப்பிட இவருக்கு மூச்சில்லை. அந்த வாளியை எடுத்துக் கல்லில் அடித்திருக்கிறார். அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

சுப்ரா அண்ணன் ஓடிவந்தபோது இரண்டு பேரும் தரையில் கிடந்தார்களாம். யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் நின்றுவிட்டதாகச் சொன்னார். “செல்வத்தப் பாத்தேன், அவன் அக்காவக் கையக் காட்டுறான். அக்காவப் பாத்தேன், அவங்க கண்ணு செல்வத்துக்கிட்ட இருக்கு.” அவர் மனைவி என் கணவரை இழுத்துக் கொண்டுபோய்க் குழாயை மாட்டினார். சுப்ரா அண்ணன் அக்காவை வேனில் ஏற்றினார். மருத்துவமனை வாசலை அடையும்போது அக்கா போய்விட்டார்.

மறுநாள் சவ வீடு. மழை மேகம் இறங்கி நின்றது. காற்று அசையவில்லை. பெட்டியைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். வியர்வையில் எல்லாருடைய சேலையும் முதுகோடு ஒட்டியிருந்தது. அக்காவுக்கு நேர்மேலே, விட்டத்தில், காத்தாடி மாட்டும் கொக்கி வெறுமையாகத் தொங்கியது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். காரணம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களின் காதில் சொன்னார்கள். சொன்ன பிறகு எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. கோபமாக யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

என் கணவர் ஆள் அனுப்பி என்னை வரச்சொன்னார். “மிஷின நிப்பாட்டிடு. நான் தோங் போட்டுக்கிறேன். சுப்ரா வீட்டுக் காத்தாடியக் கொண்டாந்து மாட்டச் சொல்லு. தூக்குற வரைக்கும் அக்காவுக்கு மேல ஓடட்டும்” என்றார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் மறுக்கவில்லை. போய் சுப்ரா அண்ணனிடம் சொன்னேன். அவர் ஏணியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அப்போது வனிதா எழுந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“என்ன பண்றீங்க?”

சுப்ரா அண்ணன் சொன்னார்.

“வேணாம்.”

“இல்லம்மா, செல்வந்தான்…”

“வேணாங்கிறேன்ல! எங்கம்மா வெக்கையில செத்தாங்க. என் வீட்டுக்கு வாங்கம்மான்னு எத்தனவாட்டி கூப்டேன். அவருக்கு மிஷினு ஓடணும், நான் நவுந்தா ஆளாளுக்குப் போட்டுக்குவாங்கன்னு சொல்லிட்டு இங்கயே கெடந்தாங்க. இப்ப அந்த மிஷின நிப்பாட்டிட்டு இவங்களுக்குக் காத்தாடி போடுவீங்களா? போட்டா எங்கம்மா சும்மா செத்தாங்கன்னு ஆயிடும்!”

பிறகு என்னைப் பார்த்தாள். “போங்க அத்தை. போயி மாமாகிட்ட இருங்க” என்றாள். அதில் எவ்வளவு வெறுப்பு, எவ்வளவு பாசம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நான் போகவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் கிழித்துக்கொண்டார்கள். தூக்கும்வரை விசிறினோம்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாக மருத்துவர் சொன்னார். வெக்கையாலா என்று சுப்ரா அண்ணன் கேட்டதற்கு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் நடக்கும், அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது என்றாராம். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நான் தூங்கப் பார்க்கிறேன். முடியவில்லை. சொல்ல முடியாது என்றால், இல்லை என்று அர்த்தமா?

கருமாதிக்கு மறுநாள் வனிதா வீட்டைக் காலி செய்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்த காத்தாடியைக் கைலியோடு எடுத்துக் காரில் வைத்தாள். கிளம்புவதற்குமுன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. மிஷினைக் கொஞ்சநேரம் பார்த்தாள். “மூச்சு வருதா மாமா?” என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். போய்விட்டாள். நான் வாங்கி வைத்திருந்த பழங்களை அவளிடம் கொடுக்கக்கூட மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு நடப்பதையும் சொல்கிறேன். யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. வெயில் காலம் எல்லாருக்கும் பொது. முதலில் ஒரு வீட்டில் இரண்டாவது காத்தாடி ஓடியது. பிறகு இன்னொரு வீட்டில். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வாசலில் வந்து நின்று கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். ஒரு மாலை பேட்டரிப் பெட்டி கத்தத் தொடங்கியது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன்.

முதல் வீட்டு வாசலில் போய் நின்றேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. அக்கா இத்தனை காலம் நடந்தபோது, ஒரு வாசலிலும் என் கணவர் பெயரைச் சொன்னதில்லை. “கரண்டு பத்தாது, அணைங்க” என்பார். “பேட்டரி செத்துரும்” என்பார். செல்வம் செத்துவிடுவான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எங்களுக்காகக் கேட்கிறார் என்ற எண்ணமே யாருக்கும் வராதபடி, அதட்டலாகவே கேட்டார். நான் கையேந்தி நிற்க வேண்டாம், என் கணவர் பிச்சை வாங்கிய மூச்சில் கிடக்கிறோம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக ஊரின் முணுமுணுப்பை எல்லாம் தன் பேரில் வாங்கிக்கொண்டார். அந்த வாசலில் நான் அவரைப்போல அதட்டிப் பார்த்தேன். “கரண்டு…” என்று தொடங்கினேன். குரல் உடைந்துபோய், “என் புருசனுக்கு மூச்சு வேணும், கொஞ்சம் அணைச்சிடுங்க” என்றுதான் வந்தது. அந்த வீட்டுப் பெண் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே ஓடிப்போய் அணைத்தாள். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் அணைத்தார்கள். சுப்ரா அண்ணன் தன் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேரனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தார்.

மிஷின் அன்றைக்கு நிற்கவில்லை. நாளைக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. வீடு எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. தனிப் பேட்டரி பற்றிய பேச்சே இல்லை. நுரையீரல் இன்னும் சுருங்கியிருப்பதாகப் போன முறை படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். மழை மாதங்கள் இனிமேல்தான் வரப்போகின்றன. எத்தனை வாசலில் எத்தனை நாள் நின்று கேட்க முடியும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியமில்லை.

அக்காவிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், ஒரு பொருளும் இல்லை. வனிதாவிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள், நான் கேட்கவில்லை. அவருடைய குரலும் எனக்கு வராது. நான் வாய்திறந்து கேட்பதற்குமுன்பே எனக்காகக் கேட்ட ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தார். அதை நான் அறியாமலே அத்தனை காலமும் நிம்மதியாகச் சோறு ஆக்கினேன், வேலைக்குப் போனேன், தூங்கினேன். அந்த நிம்மதி என்னவென்று இப்போது தெரிகிறது. அதைத்தான் வைத்திருக்கிறேன்.

வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. எழுந்து போய் முதல் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.